சோர்விலும் தொடர்ந்த தொண்டு: போப் அடிகளாரின் மூன்று மொழிபெயர்ப்புகள்

தொண்டு தொடங்குவதற்கு ஆர்வம் ஒன்றே போதும். அத்தொண்டைப் பல்லாண்டு தொடர்வதற்கு ஆர்வம் மட்டும் போதாது. இளமையில் எழுந்த ஆர்வம், உடல் தளரத் தளரத் தானும் தளரும் இயல்பினது. எதிர்பார்த்த பயன் விளையாதபோது, ‘இவ்வளவும் எதற்காக?’ என்னும் வினா தொண்டர் உள்ளத்தில் எழுந்தே தீரும். சமயப் பணியாளர், ஆசிரியர், எழுத்தாளர் ஆகிய எவரும் இவ்வினாவிற்குத் தப்பியவர் அல்லர். இதற்கு ஒருவர் கண்ட விடை அவர்தம் நூல்களிலேயே பதிந்து கிடக்குமாயின், அந்நூல்களை அந்நோக்கில் ஆராய்வதும் திறனாய்வின் கடமையே ஆகும்.

தமிழுக்கு உழைத்த கிறித்துவத் தொண்டருள் ஜார்ஜ் உக்லோ போப் அவர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்த திருக்குறள், நாலடியார், திருவாசகம் ஆகிய மூன்று நூல்களும் அத்தகைய ஆய்வுக்கு உரியவை. அவை மூன்றும் அவர் இளமையில் எழுதியவை அல்ல. தென்னிந்தியாவில் நாற்பது ஆண்டுப் பணியை முடித்துக்கொண்டு, தாயகம் திரும்பி, முதுமையின் வாயிலில் நின்றபோது வெளிவந்தவை. ஓய்வு கொள்ள வேண்டிய வயதில் ஒருவர் ஏன் இத்துணைப் பெரும் பணியை மேற்கொண்டார் என்பதே ஈண்டு எழும் வினா.

கதையும் கல்லும்

போப் என்றதும் தமிழ் மாணவர் நினைவிற்கு வருவன இரண்டு செய்திகள். நண்பர் ஒருவருக்கு மடல் எழுதுங்கால் திருவாசகப் பாடலை எடுத்தெழுதிய போப் உள்ளம் உருகிக் கண்ணீர் சொரிய, மை கலைந்து எழுத்து மறைந்தது என்பது ஒன்று. தம் கல்லறையில் ஒரு தமிழ் மாணவன் உறங்குவதாகப் பொறிக்குமாறு அவர் வேண்டினார் என்பது மற்றொன்று. மேடைதோறும் இவை சொல்லப்படுகின்றன. கேட்போர் நெஞ்சம் நெகிழ்கின்றது.

ஆக்ஸ்போர்டு நகரின் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லறை இன்றும் உள்ளது. அக்கல்லில் ‘தமிழ் மாணவன்’ என்னும் தொடர் இல்லை. அவருடைய பெயரும், தென்னிந்தியாவோடு அவருக்கிருந்த தொடர்பும், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்த செய்தியும், பேலியல் கல்லூரியில் ஆற்றிய திருப்பணியும், பிறப்பு இறப்பு நாள்களும் அதில் உள்ளன. அவற்றின்பின், கீழைநாட்டு இலக்கியத்திற்கும் தத்துவத்திற்கும் அவர் வாழ்நாளெல்லாம் உழைத்த உழைப்பைப் போற்றி, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அக்கல்லை நிறுவிய செய்தி காணப்படுகின்றது.

கதையில் கண்ணீர் இருக்கின்றது. கல்லில் உழைப்பு இருக்கின்றது. இவ்வேறுபாடு சிறிதன்று. கண்ணீர்க் கதை போப்பை ஒரு கணத்தில் உருகிய அடியாராகக் காட்டுகின்றது. கல்லோ அவரை ஆண்டுக்கணக்கில் உழைத்த பணியாளராகக் காட்டுகின்றது. உருகுதல் ஒரு நொடியில் நிகழக்கூடியது. உழைப்பு நாள்தோறும் சோர்வை வென்று நிகழவேண்டியது. கல் சொல்லும் போப்பையே இக்கட்டுரை நாடுகின்றது.

நீண்ட பணியும் நேர்ந்த இடர்களும்

கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 1820ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் போப் பிறந்தார். இளமையில் இங்கிலாந்தில் வளர்ந்தார். 1839இல், தம் பத்தொன்பதாம் வயதில், சமயப் பணிக்கெனச் சென்னை வந்து சேர்ந்தார். இராமானுசக் கவிராயரிடம் தமிழ் பயின்றார். பின்னர்த் திருநெல்வேலிச் சீமையின் சாயர்புரத்தில் ஏழாண்டுக்காலம் பணியாற்றிப் பள்ளி நடத்தினார். 1850களில் தஞ்சாவூரிலும், அதன்பின் உதகமண்டலத்திலும், 1871 முதல் பெங்களூரிலும் கல்விப் பணியும் திருச்சபைப் பணியும் புரிந்தார். தமிழ் மாணவருக்கென வினாவிடை வடிவில் இலக்கண நூல்கள் எழுதினார். 

இவ்வரலாற்றைப் பெயர்களும் ஆண்டுகளுமாகப் படிக்கும்போது வெற்றிப் பயணம்போலத் தோன்றும். கூர்ந்து நோக்கினால் அவ்வாறன்று என்பது புலப்படும். ஓர் இடத்தில் பள்ளியை வளர்த்து நிலைநிறுத்திய பின்னர் அதைவிட்டு வேறிடம் செல்வதும், அங்கு மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்குவதும் அவர் வாழ்வில் திரும்பத் திரும்ப நிகழ்ந்தன. அவர் மிகுந்த கண்டிப்பாளர் என்றும், அக்கண்டிப்பே சில இடங்களில் அவருக்கு எதிர்ப்பைத் தேடித் தந்தது என்றும் வரலாறு எழுதியோர் குறிப்பர். மாணவரிடத்து அன்பும் கடுமையும் ஒருங்கே கொண்டவர் அவர். அக்கடுமையை மறைத்து அவரைப் போற்ற வேண்டிய தேவையில்லை. குறையுடைய மனிதர் ஒருவர் நிறைவான பணியைச் செய்து முடித்தார் என்பதே மாணவருக்கு மிகுந்த பயன் தரும் பாடம்.

1880களின் தொடக்கத்தில் அவர் இங்கிலாந்து திரும்பினார். 1884இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் ஆசிரியரானார். அவரிடம் பயின்றோர் பெரும்பாலும் இந்திய ஆட்சிப் பணிக்குச் செல்லவிருந்த இளைஞர்கள். அவர்களுக்குத் தமிழ் தேர்வுக்குரிய பாடம், பதவிக்குரிய கருவி. தமிழின் ஆழத்தை அவர்களிடத்து எதிர்பார்க்க இயலாது. மக்கள் நடுவே நாற்பதாண்டு உழைத்த ஒருவருக்கு இது சுருங்கிய களம். சமயப் பரப்புநராக வந்தவர் ஒரு மொழியாசிரியராக எஞ்சி நின்றார். ‘இவ்வளவும் எதற்காக?’ என்னும் வினா எழுவதற்கு இதனினும் பொருத்தமான சூழல் வேறில்லை.

சூரைச்செடியின் நிழல்

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் எலியா என்னும் தீர்க்கதரிசியின் வரலாறு உள்ளது. பெரும்பணி செய்து முடித்த அவர், பகைக்கு அஞ்சி வனாந்தரம் சென்று, ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, தமக்குச் சாவு வரவேண்டும் என்று இறைவனிடம் மன்றாடினார், அப்படியே உறங்கியும்விட்டார். தேவதூதன் அவரைத் தட்டியெழுப்பினான். அவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, புகழவுமில்லை. உண்ண அடையும் பருக நீரும் தந்தான். அவர் உண்டு மீண்டும் உறங்கினார். இரண்டாம் முறையும் எழுப்பி உண்பித்து, செல்லவேண்டிய வழி இன்னும் நெடிது என்று உணர்த்தினான். அவ்வுணவின் வலிமையால் எலியா நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்தார். அங்கு அவருக்குக் கிடைத்தது ஓய்வன்று. அடுத்துச் செய்யவேண்டிய பணிகளின் பட்டியலே.

சோர்ந்த தொண்டருக்குக் கிறித்துவ மரபு கூறும் விடை இவ்வரலாற்றில் அடங்கியுள்ளது. சோர்வு பாவம் என இங்குக் கூறப்படவில்லை. சோர்ந்த உடலுக்கு உணவும் உறக்கமும் உரியவை என ஒப்புக்கொள்ளப்படுகின்றது. ஆயினும் பணியின் பொருள் பணிக்கு வெளியே நின்று விளக்கப்படுவதில்லை. அடுத்த பணியை மேற்கொள்ளும்போதே அது மீண்டும் தொண்டர் கைக்கு வருகின்றது.

போப்பின் வாழ்வில் இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. தம் திருவாசகப் பதிப்பின் முன்னுரையில் அவரே அதனைக் கூறியுள்ளார். திருவாசகத்தை மொழிபெயர்க்கும் எண்ணத்தைப் பேலியல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட் அவர்களிடம் அவர் வெளியிட்டார். தம் முதுமையை எண்ணி, இத்துணைப் பெரிய பணியை முடிக்கும்வரை வாழ்வோமோ என ஐயுற்றார். அதற்கு ஜோவெட், பெரும்பணி ஒன்றைக் கையில் கொண்டிருப்பதே நெடுநாள் வாழ்வதற்கு வழி என்றும், பணி முடியும்வரை போப் வாழ்வார் என்றும் கூறி ஊக்கினார்.

ஜோவெட் கிரேக்க அறிஞர். பிளேட்டோவின் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். மொழிபெயர்ப்பின் சுமையை நன்குணர்ந்தவர். எனவே அவர் சொல் வெறும் ஆறுதல் மொழியன்று. வாழ்நாள் இருந்தால் பணி செய்யலாம் என்பது உலக வழக்கு. பணி இருந்தால் வாழ்நாள் பொருள் பெறும் என்று அவர் அதனைத் திருப்பிக் கூறினார். 1893இல் ஜோவெட் மறைந்தார். திருவாசகம் முற்றுப்பெற்றதை அவர் காணவில்லை. போப் கண்டார். 1900ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், தம் எண்பதாம் பிறந்தநாளன்று, அவர் அம்முன்னுரையை முடித்து நாளிட்டார். தமிழின் முதற்பாடத்தைத் தாம் 1837இல் கற்றதையும் அங்கு நினைவுகூர்ந்தார். அறுபத்துமூன்று ஆண்டுப் பயிற்சியின் முடிவு அந்நூல்.

மூன்று நூல்கள், மூன்று விடைகள்

போப்பின் திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886இலும், நாலடியார் 1893இலும், திருவாசகம் 1900இலும் வெளிவந்தன. ஏழாண்டுக்கு ஒன்றாக மூன்று நூல்கள். இவ்வரிசையை அவர் முன்னரே திட்டமிட்டு அமைத்தார் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் மூன்றையும் ஒருசேர வைத்துப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். உழைப்பும் சோர்வும் பற்றி இம்மூன்று நூல்களும் மூன்று வெவ்வேறு விடைகளைத் தருகின்றன.

வள்ளுவர் மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளார். சோம்பலை நீக்குதல், முயற்சியை மேற்கொள்ளுதல், இடையில் துன்பம் வந்தால் உடையாதிருத்தல் என்பது அவ்வைப்புமுறை. உடல் வருந்தச் செய்த முயற்சி தனக்குரிய ஊதியத்தைத் தானே தரும் என்பது அவர் துணிபு. துன்பம் வரும்போது அதனை நோக்கி நகைக்கச் சொல்லும் துணிவும் அவருடையது.

இங்குப் போப்பின் பெயர்ப்பில் உற்றுநோக்கத்தக்க ஓர் இடம் உண்டு. ‘இடுக்கண் அழியாமை’ என்னும் அதிகாரத்திற்கு, துன்பத்தில் நம்பிக்கையோடிருத்தல் என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பை அவர் தந்துள்ளார். ‘அழியாமை’ என்பது உள்ளம் கலங்கி உடைந்துபோகாமை. அதில் நாளை நன்மை வரும் என்னும் எதிர்பார்ப்புக்கு இடமில்லை. வள்ளுவர் கூறும் மனிதன் நம்பிக்கையால் அன்று, உள்ளத்தின் உறுதியால் நிற்கின்றான். போப்போ கிறித்துவ அறநெறியில் வளர்ந்தவர். விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்னும் மூன்றனுள் ஒன்றான நம்பிக்கையை அவர் கை தானாகவே அங்கு எழுதிவிட்டது. இது பிழையே. எனினும் பொருளற்ற பிழையன்று. சோர்வுற்ற தொண்டர் ஒருவர் வள்ளுவரிடம் எதைத் தேடினார் என்பதை அது காட்டிக் கொடுக்கின்றது.

குறள் பெயர்ப்பில் வேறு குறைகளும் உள்ளன. போப்பிற்கு முன்னர்த் துரு அவர்கள் அறுபத்துமூன்று அதிகாரங்களை உரைநடையில் பெயர்த்திருந்தார். போப் செய்யுள் வடிவை மேற்கொண்டார். ஈற்றியைபின் பொருட்டு மூலத்தில் இல்லாத சொற்களைக் கூட்டவும், இருக்கும் சொற்களின் முறையை மாற்றவும் நேர்ந்தது. ஏழு சீரில் இறுகி நிற்கும் குறள், ஆங்கிலத்தில் தளர்ந்து நீளும் இடங்கள் பல. மேலும், மயிலாப்பூரில் வாழ்ந்த வள்ளுவர் கிறித்துவக் கருத்துகளை அறிந்திருக்கக்கூடும் என்னும் ஊகத்தையும் அவர் தம் முன்னுரையில் வெளியிட்டார். அதற்குத் தக்க வரலாற்றுச் சான்று இல்லை. தமிழறிஞர் அதனை மறுத்தமை முறையே ஆகும். பிறர் நிலத்தில் விளைந்த நெல்லைத் தம் களஞ்சியத்தது எனக் கருதும் மயக்கம் அன்றைய சமயப் பணியாளர் பலரிடம் இருந்தது. போப்பும் அதற்கு விலக்கல்லர்.

அடுத்து வந்த நாலடியாரில் இம்மயக்கத்திற்கு இடமில்லை. சமண முனிவர் பாடியனவாகக் கூறப்படும் நானூறு வெண்பாக்களைக் கொண்ட அந்நூல், செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்றே தொடங்குகின்றது. வள்ளுவர் முயற்சியின் ஊதியத்தைச் சொன்னார். நாலடியார் முயற்சி செய்யும் உடலே நில்லாதது என்று சொல்கின்றது. அவ்வாறாயின் உழைப்பதேன்? நில்லாத உடல் நிற்கும்போதே அறத்தைச் செய்துவிட வேண்டும் என்பதே அதன் விடை. ஆகவே அந்நூலில் நிலையாமையை அடுத்து அறன் வலியுறுத்தல் வருகின்றது. எழுபத்துமூன்றாம் வயதில் இதனைப் பெயர்த்து வெளியிட்டவருக்கு அவ்வதிகாரங்கள் வெறும் பாடமாக இருந்திருக்க இயலாது. 

திருவாசகத்தில் விடை மீண்டும் மாறுகின்றது. அங்கு முயற்சியும் முதன்மை பெறவில்லை. நிலையாமையும் முதன்மை பெறவில்லை. ஆட்கொண்டவன் அருளும், ஆட்பட்டவன் ஏக்கமுமே நூல் முழுதும் நிறைந்துள்ளன.

பின்னே நிறுத்தப்பட்ட அடியவர்

மணிவாசகர் வரலாறாக வழங்குவதில் ஒரு செய்தி உள்ளது. திருப்பெருந்துறையில் குருவாக வந்த இறைவன், உடனிருந்த அடியவரைத் தன்னோடு அழைத்துக்கொண்டான்; மணிவாசகரை மட்டும் உலகில் நிறுத்தினான். அவர் செய்யவேண்டிய பணி எஞ்சியிருந்தது. அப்பணி பாடுதல். திருவாசகத்தின் பெரும்பகுதி இவ்வாறு பின்னே நிறுத்தப்பட்ட ஒருவரின் குரலாகும். தம்மைக் கைவிடலாகாது என்று ஐம்பது பாடல்களில் மன்றாடும் நீத்தல் விண்ணப்பமும், இவ்வுடலில் இன்னும் இருப்பதற்கு வருந்தும் செத்திலாப்பத்தும், உடற்சுமையின் சலிப்பைக் கூறும் ஆசைப்பத்தும் அக்குரலின் வெவ்வேறு நிலைகள்.

மணிவாசகர் தம் சோர்வை மறைத்தவர் அல்லர். அதனையே பாட்டாக்கி ஆண்டவன் திருமுன் வைத்தார். பணி முடியாமையால் நிறுத்தப்பட்டவர், நிறுத்தப்பட்ட துயரத்தையே பணியாக்கினார். இதுவே திருவாசகத்தின் அரிய பண்பு எனலாம். எலியாவின் மன்றாட்டும் மணிவாசகரின் விண்ணப்பமும் சமயத்தால் வேறுபட்டவை. சோர்ந்த அடியவரின் குரல் என்னும் வகையில் அருகருகே நிற்பவை.

போப்பின் மொழிபெயர்ப்பு வெற்றி பெறும் இடமும் தோல்வியுறும் இடமும் இதனால் தெளிவாகின்றன. மகளிர் விளையாட்டுப் பாடல்களாக அமைந்த திருப்பொற்சுண்ணம், திருச்சாழல், திருப்பூவல்லி, திருப்பொன்னூசல் முதலியவற்றில் அவருடைய ஆங்கிலம் தடுமாறுகின்றது. இடிக்கும் உலக்கையின் ஓசையும், ஊஞ்சலின் வீச்சும், எதிரெதிர் நின்று வினவி விடுக்கும் குறும்பும் அதில் ஏறவில்லை. திருச்சபை வழிபாட்டு நூலின் பழைய ஆங்கில நடை அவற்றுக்குச் சற்றும் பொருந்தவில்லை. ஆனால் விண்ணப்பப் பாடல்களில் அதே நடை பொருந்துகின்றது. குற்றமுணர்ந்து இறைவனிடம் இறைஞ்சும் குரலுக்கு ஏற்ற சொற்கள் அவர் வாழ்நாள் முழுதும் ஓதிய மன்றாட்டுகளில் முன்பே இருந்தன. மணிவாசகரிடத்தில் பவுலின் பண்பும் அசிசி நகர்ப் பிரான்சிசின் பண்பும் இணைந்திருப்பதாக அவர் கருதினார். தம் சமயத்தின் அடியவருக்கு நிகராகப் பிற சமயத்து அடியவரை வைத்துக் காணும் மனம் அது.

1886இன் போப் வள்ளுவரைக் கிறித்துவத்தின் கடனாளியாகக் காண முயன்றார். 1900இன் போப் மணிவாசகரை அவ்வாறு காட்டிப் பெருமை கொள்ளவில்லை. சைவ சித்தாந்தம் இந்தியச் சமயங்களுள் மிக விரிவானதும் மதிப்பிற்குரியதும் ஆகும் என்று வெளிப்படையாக எழுதினார். அதனை விளக்கும் பின்னிணைப்புகளையும் நூலில் சேர்த்தார். அவர் தம் சமயத்தை விட்டவர் அல்லர். இறுதிவரை திருச்சபையின் குருவாகவே இருந்தார். ஆயினும் பிறரை மாற்ற வந்தவர் பிறர் சொல்வதைக் கேட்பவரானார். பதினான்கு ஆண்டு மொழிபெயர்ப்பு உழைப்பு அவருக்குச் செய்த நன்மை இதுவே.

சொல்லடைவு கூறும் உண்மை

இம்மூன்று பதிப்புகளிலும் படிப்போர் பலர் புரட்டாமலே விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. அது நூலின் இறுதியில் உள்ள அகராதியும் சொல்லடைவும். மூலநூலில் வரும் சொற்களை அகரவரிசைப்படுத்தி, பொருளும் இடமும் குறிக்கும் பணி அது. கணிப்பொறி இல்லாத காலம். ஒவ்வொரு சொல்லையும் கையால் எழுதி, கையால் அடுக்கிச் சரிபார்க்க வேண்டும். பாடலைப் பெயர்ப்பதில் இன்பம் உண்டு. முன்னுரை எழுதுவதில் பெருமை உண்டு. சொல்லடைவு தொகுப்பதில் இவ்விரண்டும் அரிது. களைப்பு மட்டும் உறுதி.

அதனை அவர் மூன்று நூல்களுக்கும் செய்தார். யாருக்காக? தாம் காணாத மாணவருக்காக. எதிரே அமர்ந்திருந்த இளைஞர் தேர்வு முடிந்ததும் தமிழை மறந்திருக்கக்கூடும். ஆயினும் என்றோ ஒருவர் எங்கோ ஒரு நாட்டில் திருவாசகத்தின் ஒரு சொல்லைத் தேடி வருவார் என்னும் எண்ணமே அப்பணிக்கு அடிப்படை. கண்முன் உள்ள வகுப்பின் சிறுமை அவரைத் தளர்த்தவில்லை. காணாத வகுப்பின் பெருமையை அவர் எண்ணினார். போப்பின் தமிழன்பிற்குச் சான்று தேடுவோர் மடலில் வீழ்ந்த கண்ணீரைத் தேடவேண்டியதில்லை. சொல்லடைவின் பக்கங்களைப் புரட்டினால் போதும்.

1906இல் அரச ஆசியவியல் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது. அப்போது அவருக்கு வயது எண்பத்தாறு. 1908 பிப்ரவரியில் அவர் மறைந்தார். 1968இல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரீனா கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. இப்புகழெல்லாம் பணிக்குப் பின் வந்தவை. இவற்றை எதிர்நோக்கி அவர் உழைத்தார் எனின், அறுபத்துமூன்று ஆண்டு நிலைத்திருக்க இயலாது.

அவ்வரிசையின் முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடைபெற்றது. அதனை முன்னின்று நடத்திய தனிநாயக அடிகளும் ஒரு கிறித்துவத் துறவியே. அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறையின் தலைவராக இருந்தவர். குருத்துவப் பணியும் தமிழ்ப் பணியும் அவர் வாழ்விலும் ஒன்றாகவே இயங்கின. தமிழை உலக அறிஞர் அவையில் வைக்கும் பணி, போப்பின் மேசையிலிருந்து அவர் மேசைக்கு வந்தது எனலாம். ஒருவர் முடித்த இடத்தில் மற்றொருவர் தொடங்குதலே தொண்டின் இயல்பு.

முடிவுரை

மேற்கூறியவற்றால் தெளிவாவன சில. தொண்டின் பொருள், தொண்டு தொடங்கும் நாளிலேயே முழுதாக விளங்கிவிடுவதில்லை. பத்தொன்பது வயதில் சென்னையில் இறங்கிய போப் எதற்காக வந்ததாக எண்ணினாரோ, அதற்காக இன்று தமிழர் அவரை நினைப்பதில்லை. அவருடைய பணியின் பொருள் அவர் நோக்கத்தினும் பெரிதாக வளர்ந்தது. அவ்வளர்ச்சிக்கு அவர் செய்ததெல்லாம், சோர்ந்த நாளிலும் அடுத்த பக்கத்தைத் திருப்பியதே.

சோர்வு வருவது தொண்டு தவறானது என்பதற்கு அடையாளம் அன்று. எலியாவிற்கும் வந்தது, மணிவாசகருக்கும் வந்தது, போப்பிற்கும் வந்தது. வள்ளுவர் உறுதியைச் சொன்னார். நாலடியார் விரைவைச் சொன்னது. திருவாசகம் அருளைச் சொன்னது. மூன்றையும் கற்ற கிறித்துவத் தொண்டர் ஒருவர், அம்மூன்றையும் தம் வாழ்நாளின் மாலையில் கடைப்பிடித்துக் காட்டினார். அவருடைய மொழிபெயர்ப்பில் குறைகள் உண்டு. ஊகங்களில் தவறுகள் உண்டு. அவற்றை மாணவர் தயங்காது எடுத்துக்காட்டலாம். ஆனால் குறை காண்பதற்குக்கூட அவர் தொகுத்த சொல்லடைவையே திறக்க வேண்டியிருக்கின்றது என்பதையும் அவர்கள் மறத்தலாகாது.

கண்ணீர்க் கதையைக் கேட்ட மாணவர் போப்பைப் போற்றுவர். உழைப்பின் வரலாற்றைக் கற்ற மாணவர் போப்பைப் பின்பற்றுவர். எதனைக் கற்பிப்பது என்பது ஆசிரியர் கையில் உள்ளது.